சேர்ந்து வாசித்த உறுதிமொழி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மாவின் முட்டிவலி கொஞ்சம் தேவலை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வழக்கம்போல வாய்தான். உங்களுக்கு இருமல் விட்டதா? வாண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாளா, இல்லை இன்னும் அண்ணன் தோளிலேயே சவாரியா?

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதீர்கள். போனில் நான் ஒரு வார்த்தையை இழுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ, லைன் கட்டாகுது" என்கிறார்கள். லைன் நன்றாகத்தான் இருக்கும். மெசேஜ் அனுப்பினால் நீங்கள் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஆபீசுக்குப் போய்விடுகிறீர்கள். கடிதத்துக்கு அப்படிக் காட்ட முடியாது.

நேற்று மறுபடியும் ஒரு நேர்காணல். கண்ணாடி அறை, மூன்று பேர். "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். என் பெயரின் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். நடுவில் இருந்தவர் தண்ணீர் கொடுத்தார். ஓரத்தில் இருந்த பெண் என் சான்றிதழைப் புரட்டி, "பரவாயில்ல, பேரு இதுலயே இருக்கே" என்றாள். அதற்குப் பிறகு எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொல்லிக்கொண்டாள். கடைசியில் "ரொம்ப நல்லா பண்ணீங்க" என்று கை கொடுத்தாள். அவள்தான் நன்றாகப் பண்ணினாள். அந்த வேலையை அவளுக்கே கொடுத்திருப்பார்கள்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அவளோடு கூட்டிப் பெருக்குகிறவர்கள் எல்லோருக்கும் நம் வீட்டில் முதல் பட்டதாரி நான் என்பது தெரியும். வழியில் பார்த்தால் "எங்கம்மா வேலை?" என்கிறார்கள். நான் சிரித்துவிட்டு நடையைக் கட்டுகிறேன்.

உங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சிறப்புப் பிரிவு என்று ஒன்று உண்டே, ஜெயிலிலிருந்து வந்தவர்கள், உடம்பில் குறை உள்ளவர்கள், என்னைப் போன்றவர்களுக்கெல்லாம். அதில் எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா? சம்பளம் இரண்டாவதுதான் அண்ணி. ஒரு தடவை உட்கார்ந்தால் எழுந்திரு என்று சொல்லாத வேலையாக இருந்தால் போதும். இன்னொரு கண்ணாடி அறைக்கு என்னால் போக முடியாது.

நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் நாம் இரண்டு பேரும் மாலையில் பேப்பரைச் சேர்ந்து வாசிப்போமே. உங்கள் குரலோடு சேர்ந்தால் எனக்குத் திக்காது என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அம்மாவுக்குக்கூட இன்னும் தெரியாது. பக்கத்தில் ஒருவர் கூடவே வாசிக்கிற மாதிரி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதா?

உங்கள்
பூனை


ஜனவரி 21

என் செல்லப் பூனைக்கு,

இருமல் விட்டது, தும்மல் பிடித்துக்கொண்டது. வாண்டு நடக்கிறாள், ஆனால் அவள் நினைத்த திசையில் அல்ல. உன் அண்ணன் உன் கடிதத்தைப் படித்துவிட்டு "கலெக்டர் மாதிரி எழுதுறா" என்றார். நேர்காணல் எடுத்த பெண்ணை நினைத்து நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

வழி இருக்கிறது. உன் ஊரின் வெளிப்புறச் சாலையில் ஒரு பெரிய குடோன் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கிப் பிடிக்காமல் திருப்பி அனுப்புகிற பொருட்கள் அங்கேதான் வரும். அவற்றைப் பிரித்துப் பார்த்துத் தரம் போடுகிற வேலை. உன் கண்ணுக்கு ஏற்ற வேலை. நேர்காணல் கிடையாது. முதல் சில மாதம் சம்பளத்தை எங்கள் அலுவலகம் கொடுக்கும், அவர்கள் வேலை கற்றுக்கொடுப்பார்கள். அதன்பிறகு அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம்.

ஒரு விஷயம். உறவுக்காரர்களின் மனுவை நாங்கள் கையாளக்கூடாது என்று விதி. உன்னை வேறு யாரிடமாவது கொடுத்தால் வரிசையில் பின்னால் போய்விடுவாய், அதனால் நானே எடுத்துக்கொண்டேன். நாம் யார் என்று அங்கே யாரிடமும் சொல்லாதே. என்னைக் குறிப்பிட வேண்டி வந்தால் "மேடம்" என்று சொல்.

அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே.

அன்புடன்
அண்ணி


பிப்ரவரி 16

அன்புள்ள மேடத்துக்கு (கடிதத்தில்கூடப் பழகிக்கொள்கிறேன்),

அம்மா படி ஏறுவதில்லை, ஏறுவதை நான் பார்ப்பதில்லை. நான் தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், எடை கூடியிருக்கிறேன். உங்கள் தும்மல் எப்படி இருக்கிறது?

வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்! நீளமான மேசை, மேலே வெள்ளை விளக்கு, ஒரு பக்கத்திலிருந்து பெட்டிகள் உருண்டு வருகின்றன. பிரித்து, பார்த்து, ஏ, பி, சி என்று ஸ்கேனரில் அமுக்க வேண்டும். ஏ என்றால் புதுசு, மறுபடி விற்கலாம். பி என்றால் துடைத்து, விலை குறைத்து விற்கலாம். சி என்றால் குப்பை. மனிதர்கள் எப்படியெல்லாம் பொய் சொல்கிறார்கள் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். 'அளவு சரியில்லை' என்று வந்த கவுனின் கழுத்தில் சென்ட் வாசனை, லேபிளை உள்பக்கம் மடித்து ஊசி குத்திய ஓட்டை. ஒரு விருந்துக்குப் போட்டுக்கொண்டு திருப்பியிருக்கிறாள். அலாரம் கடிகாரம் ஒன்று வந்தது. காரணம்: 'எழுப்பிவிடுகிறது.' நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு எனக்குத் திக்குவதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

இங்கே யாரும் பேசச் சொல்வதில்லை. சூப்பர்வைசர் விசில் அடித்துத்தான் கூப்பிடுவார், அதனால் எல்லோருக்கும் அவர் 'விசில் சார்'. ஒரு விசில் என்றால் வா, இரண்டு என்றால் சாப்பாடு. பதில் சொல்லத் தேவையில்லை, போனால் போதும்.

உங்கள் அலுவலகம் அனுப்பிய இன்னொருவர் என் பக்கத்து மேசை. ஜெயில் சமையலறையில் இருந்தவராம், எல்லோரும் 'மாஸ்டர்' என்கிறார்கள். முதல் நாளே என்னைப் பார்த்து, "பேச வரலைன்னா விடும்மா. பேச வந்ததாலதான் நா உள்ள போனேன்" என்றார்.

எனக்கு இங்கே பிடித்திருக்கிறது அண்ணி. பெட்டியைப் பிரிக்கும்போது டேப் கிழிகிற சத்தம்கூடப் பிடித்திருக்கிறது. இங்கேயே இருந்துவிடலாம் என்று இருக்கிறது.

பூனை


பிப்ரவரி 27

பூனைக்குட்டி,

எல்லோரும் நலம். நிற்க நேரமில்லை, வருடக் கணக்கு முடிக்கிற நேரம். உனக்கு வேலை பிடித்திருக்கிறது என்று படித்து எனக்கு நிம்மதி. நன்றாகக் கற்றுக்கொள். கற்றது எங்கேயும் போகாது.

அண்ணி


மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மா நலம். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், விட்டுவிட்டது. அங்கே எல்லோரும் சுகம்தானே?

ஒன்று கேட்க வேண்டும். இங்கே நிரந்தரமாக இருப்பவர்களுக்கு நீல ஏப்ரன். உங்கள் அலுவலகம் அனுப்பியவர்களுக்குப் பச்சை. ஆரம்பத்தில் அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. நீல ஏப்ரன் போட்ட ஒரு அக்கா இருக்கிறாள். வெகு காலமாகச் செருப்பு மட்டும்தான் பார்க்கிறாள். அடியைத் திருப்பிப் பார்த்து, "இது ரெண்டு கல்யாணம், ஒரு மழை பாத்திருக்கு" என்று சொல்வாள். அவளைச் செருப்பக்கா என்று கூப்பிட்டால் கோபப்படுவதில்லை. ஆனால் எங்கள் யாருக்கும் அவளிடம் பெயர் இல்லை. எல்லோரும் 'பச்சை'தான்.

நேற்று மாஸ்டர் சண்டைக்குப் போனார்.

"ஏக்கா, ஏ பச்ச, ஏ பச்சன்னு… எங்களுக்கெல்லாம் பேரு கிடையாதா?"

"இருக்கும்ப்பா. கத்துக்கிட்டு என்ன பண்ண? நா பேரு பழகறதுக்குள்ள நீங்க கிளம்பிடறீங்க."

"எங்க கிளம்பறோம்?"

"எங்கிருந்து வந்தீங்களோ அங்கதான். போன செட்டுல ஒரு பொண்ணு பேரக் கத்துக்கிட்டேன். அது போனப்புறம் ரெண்டு நாள் சோறு எறங்கல. அதுலேந்து விட்டுட்டேன்."

அவள் விளையாட்டாகப் பேசுகிறவள். இதுவும் விளையாட்டுத்தான் என்று மாஸ்டரிடம் சொன்னேன், சொல்லி முடிக்க நேரமானது. அவர் "நீ உங்க மேடத்துக்கு எழுதிக் கேளு" என்றார். பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள்தானே அண்ணி? ஒருவராவது?

பூனை


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் வரவில்லை. வாண்டுவுக்கு உடம்பு சரியில்லையோ என்று அம்மா கவலைப்படுகிறாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். அண்ணன் போனை அவ்வளவு சீக்கிரம் வைக்கிறவர் இல்லை.

ஒரு நல்ல செய்தி. பி என்று போக வேண்டிய சாமான்களை ஏ என்று விற்றுவிட்டு மறுபடி புகார் வருவது என் மேசையில் நின்றுவிட்டது. விசில் சார் விசில் அடிக்காமல் நேரிலேயே வந்து, "நீ இருந்தா எனக்குத் தலவலி இல்ல" என்றார். 'இருந்தா' என்றாரே, அதையே நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன கடிதத்தில் கேட்டதற்கு ஒரு வரி போதும்.

பூனை


ஏப்ரல் 30

என் பூனைக்கு,

வாண்டு நலம். நான்தான் ஓடிக்கொண்டே இருந்தேன், மன்னித்துவிடு. உன் வேலையைப் பற்றி உன் சூப்பர்வைசர் எங்களுக்கும் நல்லபடி எழுதியிருக்கிறார். எனக்குப் பெருமை.

அடுத்த மாதம் குடோனில் ஒரு சிறிய விழா. எங்கள் மேலதிகாரியும் வருகிறார். சிறப்புப் பிரிவிலிருந்து வந்தவர்களில் ஒருவர் மேடையேறி உறுதிமொழி வாசிக்க வேண்டும். உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இப்போதே உன் முகம் வெளுத்திருக்கும், தெரியும். பயப்படாதே. நானும் பக்கத்தில் நின்று கூடவே வாசிப்பேன், வீட்டில் பேப்பர் வாசித்தோமே அதே மாதிரி. யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அங்கே நான் உன்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம், நானும் நலத்துக்கு மேலே. நீங்கள் பக்கத்தில் நின்றால் நான் கூரையில் நின்றுகூட வாசிப்பேன்.

மேடை ஏற்றுகிறார்கள் என்றால் வைத்துக்கொள்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? போகிறவளுக்கு எதற்கு மேடை? மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். செருப்பக்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பூட்ஸின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் வருகிறீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். விழா முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பூனை


மே 25

அண்ணிக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். நீங்கள் தங்குவீர்கள் என்று மெத்தை விரிப்பை மாற்றி வைத்திருந்தாள். மறுநாள் காலையில் அதை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். "வேலை இருந்திருக்கும்" என்றாள்.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

பேக்கிங் மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேடை ஆக்கியிருந்தார்கள். நீங்கள் புதுக் கண்ணாடி போட்டிருந்தீர்கள், நன்றாக இருந்தது. "வாங்கம்மா, நீங்க முன்னாடி வாங்க" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து எனக்கு முதல் 'நீங்க'. அதையும் நான் ரசித்தேன், நாடகம் என்று தெரிந்ததால்.

தாளை இருவரும் பிடித்துக்கொண்டோம். ஒரே மைக். அதை நீங்கள் என் வாய்க்கு நேராகப் பிடித்தீர்கள். நீங்கள் வாசித்தது என் காதுக்கு மட்டும்தான் கேட்டது. தாள் உங்கள் வாயை மறைத்திருந்தது. குடோன் முழுக்கக் கேட்டது என் குரல் ஒன்றுதான். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. ஸ்பீக்கரில் என் குரலைக் கேட்டபோது, இது யார், இவ்வளவு நன்றாகப் பேசுகிறாளே என்று எனக்கே தோன்றியது. உங்கள் மேலதிகாரி எழுந்து நின்று கை தட்டினார். போட்டோக்காரர் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு நீங்கள் மைக்கை உங்கள் பக்கம் திருப்பி, "இங்க வந்தப்போ இவங்களால தன் பேரக்கூடச் சொல்ல முடியல. இப்ப நீங்களே கேட்டீங்க" என்றீர்கள். மறுபடி கைதட்டல். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மேலதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கேக் வெட்டினார்கள். ஆளுக்கு ஒரு துண்டு. என் கையில் கேக் இருக்கும்போதே விசில் சார் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "ஏப்ரன அந்தக் கூடையில போட்டுடும்மா" என்றார். நீலம் தரப்போகிறார்கள் என்று நினைத்துக் கழற்றிப் போட்டேன். கை நீட்டிக்கொண்டு நின்றேன் அண்ணி. செருப்பக்காதான் வந்து என் கையை இறக்கிவிட்டாள்.

"கேக் வெட்டினா பச்சைக்கு டாட்டா. வருஷா வருஷம் இதே கத."

"எங்க மே… மேடத்துக்குத் தெ…"

"தெரியாமலா? அந்த மேடம்தானே கேக்கு வாங்கிட்டு வராங்க! போன வருஷம் சாக்லேட்டு. அதுக்கு முந்தின வருஷம் பைனாப்பிள்."

மாஸ்டர் சிரித்தார். "ஜெயில்லகூட வெளிய விடறதுன்னா முன்கூட்டியே தேதி சொல்லுவான்" என்றார். அடுத்த வாரம் புதுப் பச்சைகள் வருகிறார்களாம்.

போன வருடமும், அதற்கு முந்தின வருடமும் இந்த ஊருக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். எங்கள் வீடு அந்த வெளிப்புறச் சாலையிலிருந்து ஒரு பஸ் தூரம்.

கேட்டுக்கு வெளியே காத்திருந்தேன். உங்கள் வண்டி என்னைத் தாண்டிப் போனது. நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். போன் அணைந்திருந்தது, உங்கள் புதுக் கண்ணாடியில் வெளிச்சம் விழவில்லை. அதைக்கூட நான் பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

பூனை


ஜூன் 29

பூனைக்கு,

உடனே எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. பல தாள்களைக் கிழித்துப் போட்டேன். உன் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். அந்தக் குடோன் யாரையும் வைத்துக்கொள்வதில்லை. சம்பளம் நாங்கள் கொடுக்கும்வரை ஆள் வேண்டும், அதற்குப் பிறகு வேண்டாம். ஆனால் அங்கே போனவர்கள் 'வேலையில் அமர்ந்தவர்கள்' என்று எங்கள் கணக்கில் வருவார்கள். அந்தக் கணக்கு குறைந்தால் சிறப்புப் பிரிவையே மூடிவிடுவார்கள். மூடினால் உன்னைப் போன்றவர்களுக்கு அந்த நான்கு மாதமும் கிடையாது. இப்படி நினைத்துத்தான் ஒவ்வொரு வருடமும் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கும் வருடாந்தர ஒப்பந்தம்தான். நானும் பச்சை ஏப்ரன் போட்டவள்தான், வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

ஏன் உன்னை என்று நீ கேட்கவில்லை. நீ கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த வருடம் ஒரு ஆள் குறைந்தது. வேறு யாரை அனுப்பினாலும் பாதியில் சண்டை போடுவார்கள், புகார் எழுதுவார்கள். நீ புரிந்துகொள்வாய், நம் வீட்டுப் பெண் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் பொறுத்திரு. அலுவலகத்துக்கு இப்போது போக வேண்டாம். நானே ஏதாவது பார்க்கிறேன். அம்மாவை நான் கேட்டதாகச் சொல். கேட்டேன் என்று மட்டும் சொல், வேறு ஒன்றும் வேண்டாம்.

அண்ணி


ஜூலை 17

அண்ணிக்கு,

அம்மாவிடம் சொன்னேன். "அவ நல்லா இருக்காளா?" என்று திருப்பிக் கேட்டாள்.

நீங்கள் போக வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் போனேன். எங்கள் ஊர்க் கிளை அலுவலகத்தில் காத்திருக்கும் கூடத்தில் சுவரில் ஒரு டிவி இருக்கிறது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் நிமிர்ந்து பார்த்தேன். டிவியில் நான் பேசிக்கொண்டிருந்தேன், திக்காமல். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வந்தது. நாள் முழுக்க அதைத்தான் போடுகிறார்களாம், வருகிறவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று. தாள் உங்கள் முகத்தின் பாதியை மறைத்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு நீங்கள் எனக்கு மைக் பிடித்த ஒரு அதிகாரி.

கவுண்டரில் இருந்தவர் என் எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"உங்களுக்குப் பேச்சுத் தடை நீங்கிடுச்சுன்னு மேடம் எழுதி முடிச்சிட்டாங்களே. இனிமே சிறப்புப் பிரிவு கிடையாது. பொதுப் பிரிவுல பதிஞ்சு இன்டர்வியூவுக்குப் போங்க."

"எ… எனக்கு இ… இன்னும்…"

அவர் டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அங்க நல்லாத்தானே பேசறீங்க? கவுண்டருக்கு வந்தா மட்டும் எப்படிம்மா வருது?"

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள் அண்ணி. பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனையோ பேர் கேலி செய்திருக்கிறார்கள். பொய் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஆட்சேபம் இருந்தால் நேர் விசாரணைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். குழுவுக்கு முன்னால் நின்று வாயால் சொல்ல வேண்டுமாம். விண்ணப்பித்துவிட்டேன். அடுத்த மாதம் கூப்பிடுவார்கள்.

என்னை வேலையிலிருந்து அனுப்பியதைக்கூட என்றைக்காவது புரிந்துகொண்டிருப்பேன். மாலையில் பேப்பர் வாசித்ததை ஏன் எடுத்தீர்கள்?

பூனை


ஆகஸ்ட் 2

பூனைக்கு,

விசாரணைக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போ. அவர்கள் முன்னால் நீ பேசினாலே போதும், அவர்களுக்கே புரிந்துவிடும். பதிவு திரும்பக் கிடைத்துவிடும். நாம் உறவு என்பதை மட்டும் சொல்லாதே. ஒரு அதிகாரி அவசரப்பட்டு எழுதிவிட்டாள் என்றால் எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதத்தோடு போகும். சொந்த நாத்தனாரை அனுப்பி, மேடையேற்றி, கணக்கில் காட்டினாள் என்று தெரிந்தால் ஒப்பந்தம் அன்றைக்கே முடியும்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் அண்ணன் வேலை பார்த்த பட்டறையை மார்ச்சில் மூடிவிட்டார்கள். அவர் வீட்டில்தான் இருக்கிறார். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். இந்த வீடு என் ஒருத்தி சம்பளத்தில் நிற்கிறது.

வாண்டு உன் போட்டோவைக் காட்டி "அத்தே" என்கிறாள்.

அண்ணி


ஆகஸ்ட் 24

அண்ணிக்கு,

அங்கே எல்லோரும் நலமா என்று கேட்கக் கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். வாண்டு நலமா?

இன்று விசாரணை. அலுவலகத்திலிருந்து உங்களுக்குத் தகவல் வருவதற்கு முன்னால் என்னிடமிருந்து வரட்டும் என்று வந்தவுடன் எழுதுகிறேன்.

மூன்று பேர். தலைமையில் ஒரு வயதான அம்மாள், பக்கத்தில் கரகரப்பான குரலில் பேசுகிற ஒரு டாக்டர், எல்லாவற்றையும் தட்டச்சு செய்கிற ஒரு கிளார்க். முதலில் வீடியோவைப் போட்டார்கள். பிறகு டாக்டர் கேட்டார், "இதுல எப்படிம்மா வந்துச்சு?"

"சே… சேர்ந்து வாசிச்சோம்" என்றேன். மேடமும் மெதுவாக வாசித்ததைச் சொன்னேன். நம்பவில்லை. "சரி, நா கூட வாசிக்கிறேன், பாக்கலாம்" என்று அந்த உறுதிமொழித் தாளையே எடுத்தார். அவரோடு சேர்ந்து வாசித்தேன். கடைசி வரி வரைக்கும் ஒரு இடத்திலும் திக்கவில்லை. பிறகு தனியாக வாசிக்கச் சொன்னார். முதல் வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. அவர் தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டார். சிலருக்கு இப்படித்தான், யார் கூட வாசித்தாலும் வரும் என்றார்.

யார் கூட வாசித்தாலும் வரும் அண்ணி. இத்தனை வருடமும் அது உங்கள் குரலால்தான் என்று நினைத்திருந்தேன்.

அத்தோடு முடிந்திருக்கும். பதிவைத் திருப்பித் தரலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் எழுந்துவிட்டேன். அப்போதுதான் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரு நிமிஷம்மா. சேர்ந்து வாசிச்சா உங்களுக்கு வரும்னு அந்த மேடத்துக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று நானும் நினைக்கவில்லை, நீங்களும் நினைத்திருக்க மாட்டீர்கள். நானே சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று தலையாட்டியிருக்கலாம். அண்ணனை நினைத்தேன். மாஸ்டரை நினைத்தேன். இப்போது என் மேசையில் நிற்கிற புதுப் பச்சை யாரென்று எனக்குத் தெரியாது, அவளையும் நினைத்தேன்.

வாயைத் திறந்தேன், நின்றுவிட்டது. கிளார்க் ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, "எழுதிக் குடுங்களேன்" என்றார். வேண்டாம் என்றேன். அவர்கள் காத்திருந்தார்கள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள், அந்த அம்மாள் கை காட்டி நிறுத்தினார். எப்போதும் யாராவது என் வார்த்தையை எனக்காக முடித்துவிடுவார்கள். இதை யாராலும் முடிக்க முடியவில்லை. அது என்ன என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அவங்க எ… என் அண்ணி" என்றேன்.

கிளார்க் தட்டச்சை நிறுத்திவிட்டு அந்த அம்மாளைப் பார்த்தார். "டைப் பண்ணுங்க" என்றார் அவர். குடோனுக்கு இனி ஆள் அனுப்புவதை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, உங்களை வரவழைக்கத் தேதி குறித்தார்கள்.

என் பதிவு திரும்பக் கிடைத்துவிட்டது. வேலை கிடைக்கவில்லை. அடுத்த இடம் எப்போது என்று கேட்டேன், தெரியாது என்றார்கள். கூடத்து டிவியில் இப்போது எதுவும் ஓடவில்லை.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அண்ணன் வேலை போனதைக்கூட. இதையெல்லாம் நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும். இந்தத் தடவை பஸ் ஏறி வீடுவரைக்கும் வாருங்கள். சொல்ல வராமல் பாதியில் நின்றுவிட்டால் பரவாயில்லை. அம்மா காத்திருப்பாள், அவளுக்குப் பழக்கம்.

உங்கள் நாத்தனார்